ஊதாங்குழலும் துவக்குக் குழலும்

நுவரெலியா ஏப்ரல் சீசன் என்றால் குதிரைப் பந்தயம், மாகஸ்தோட்டையிலும் ரதல்லையிலும் நடக்கும் கார் ஓட்டம் என்றுதான் பேச்சு. அதே நாட்களில் பம்பரகலையில் இராணுவம் நடத்தும் களிமண் தட்டுச் சுடுதலுக்கும் கூட்டம் சேரும். லிந்துலையிலிருந்து நானுஓயா வழியே ஏறிப் போய்ப் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது துவக்குகளின் நீளம். ஒருவர் கையில் 28 அங்குலக் குழல், பக்கத்தில் நிற்பவரிடம் 32. “நீளக் குழல்தான் தூரம் அடிக்கும்” என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். தோட்டத்தில் பன்றிக் காவல் இருந்த பெரியவர்கள் விட்டுப்போன கணக்கு அது. இன்றைய தோட்டாவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஏன் என்று தெரிய லயத்து அடுப்படிக்குப் போக வேண்டும். கவ்வாத்து மிலாறு ஈரத்தோடு புகைகிறது. அம்மா ஊதாங்குழலை எடுத்து ஊதுகிறார். காற்றைத் தள்ளுவது அவருடைய நெஞ்சு. குழல் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். ஒரு முழக் குழலுக்குப் பதில் இரண்டு முழக் குழலைக் கொடுத்தால் நெருப்பு இரண்டு மடங்கு எரியாது. முகத்தில் அனல் படாது, தூரத்துக் கங்கைக் குறிவைக்கலாம், ஆனால் கையில் கனக்கும். ஊதுகிற காற்று ஒரே இடத்தில் குவிகிறதா பரவுகிறதா என்பதோ முனை ஓட்டையைப் பொறுத்தது.

துவக்கில் நெஞ்சின் வேலையைத் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து செய்கிறது. போட்டிகளில் பெரும்பாலும் 12 போர் துவக்குதான். குழலின் உள் விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். விசையை இழுத்ததும் அழுத்தம் முதல் ஒன்றிரண்டு அங்குலத்துக்குள்ளேயே உச்சத்துக்குப் போய்விடும். ஓர் அடி தாண்டுவதற்குள் மருந்து அநேகமாக எரிந்து தீர்ந்துவிடும். மீதிக் குழல் முழுதும் விரிந்துகொண்டே தளர்கிற வாயு மெதுவாகத் தள்ளுவதுதான். ஆகவே ஒவ்வோர் அங்குலமும் கூட்டித் தருவது நொடிக்கு இரண்டு, மூன்று மீட்டர் வேகம். 28இலிருந்து 32க்குப் போனால் பத்து மீட்டர் அளவில் கூடும். வெளியே வரும் சன்னத்தின் வேகம் நொடிக்கு 400 மீட்டருக்குக் கிட்ட. அந்தப் பத்து மீட்டரால் பறக்கும் தட்டுக்கு வரக்கூடிய வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். சன்னங்கள் விரிந்து வரும் வட்டமோ முக்கால் மீட்டருக்கு மேல்.

பெரியவர்கள் கணக்கு பிறந்தது கறுப்பு மருந்துக் காலத்தில். அது மெதுவாக எரியும். எரிந்து முடிய நீளமான குழல் வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா மருந்து வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. 1920களில் லண்டன் துவக்குக்காரர் ராபர்ட் சர்ச்சில் 25 அங்குலக் குழலை விடாப்பிடியாக விற்றுக் காட்டினார். ஆனாலும் மருந்து மாறிய வேகத்தில் பேச்சு மாறவில்லை.

மலைநாட்டுக்காரருக்கு இதில் ஓர் இனாமும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்று கொழும்பைவிடச் சுமார் 15 சதவீதம் மெலிது. சன்னத்தை இழுத்துப் பிடிப்பது குறைவதால், 35 மீட்டர் தாண்டியும் அது தக்கவைக்கும் வேகம் நான்கு அங்குலக் குழல் கூட்டித் தருவதைவிட அதிகம். தூரம் அடிக்க வேண்டும் என்பவர் குழலை நீட்டுவதைவிட மலையேறி வரலாம்.

சன்னம் குவிவதையும் பரவுவதையும் முனைதான் தீர்மானிக்கிறது. குழலின் கடைசியில் உள்ள அந்த இறுக்கத்துக்குச் சோக் என்று பெயர். முழுச் சோக்கில் இறுக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதுவே 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 சதவீதச் சன்னங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இறுக்கமே இல்லாத குழலில் அது 40 சதவீதத்துக்குப் பக்கம். இன்றைய துவக்குகளில் சோக்கைத் திருகிக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், எந்த நீளக் குழலாக இருந்தாலும்.

அப்படியானால் 32 அங்குலத்தை ஏன் வாங்குகிறார்கள்? கைக்காக. நீள ஊதாங்குழலின் முனையை ஒரு கங்கிலிருந்து இன்னொரு கங்குக்குத் திருப்பிப் பாருங்கள். கிளம்பத் தாமதிக்கும், கிளம்பினால் லேசில் நிற்காது. கையிலிருந்து எடை விலக விலகத் திருப்புவதற்கான எதிர்ப்பு தூரத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. தட்டுச் சுடுதலில் இந்த நிற்காத குணம் பொன். தட்டு தவறுவது பெரும்பாலும் விசையை இழுக்கும்போது கை நின்றுபோவதால்தான். சன்னம் தட்டுக்குப் பின்னால் போய்விடும். நீளக் குழல் கையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். கண்ணுக்கும் முனைக்கும் உள்ள தூரம் கூடுவதால் சிறு கோணல்கூடத் தெரிந்துவிடும். (ஊதாங்குழல் உவமை இதற்கு மேல் ஓடாது. அம்மா விடாமல் ஊதலாம், துவக்குக்கு ஒரே மூச்சு.)

எந்த நீளம் என்பது ஆட்டத்தையும் பொறுத்தது. தட்டுச் சுடுதலில் ஒரு வகையான டிராப் ஆட்டத்தில் துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டுதான் தட்டைக் கேட்பார்கள். 15 மீட்டர் முன்னாலிருந்து கிளம்பி, மணிக்கு 100 கிலோமீட்டர் அளவு வேகத்தில் தட்டு விலகி ஓடும். தொலைவு அதிகம், திருப்பம் குறைவு. 30, 32 அங்குலம் பொருந்தும். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ஆடுவது இந்த டிராப்தான். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணியில் அவர் ஒருவர். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். ஸ்கீட் வேறு. துவக்கு இடுப்பருகே இருக்க வேண்டும், தட்டு குறுக்கே பறக்கும், இருபது மீட்டர் சுற்றுக்குள் அடித்துவிட வேண்டும். அங்கே 28 வசதி. 30 வைத்து ஆடுகிறவர்களும் இப்போது உண்டு, 26 அருகிவிட்டது.

கடையில் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஓட்டோ துவக்கின் உடல் இரட்டைக் குழலின் உடலைவிட மூன்று, நான்கு அங்குலம் நீளம். ஆகவே 28 அங்குல ஓட்டோவின் மொத்த நீளம் 31, 32 அங்குல இரட்டைக் குழலுக்குச் சமமாகிவிடும். சுவர் மெலிந்த 32 தடித்த 30ஐவிட இலகுவாகவும் இருக்கலாம். எங்கள் குளிரில் இன்னொன்று: தடித்த ஜேர்சிக்கு மேல் தோளில் வைத்தால் பின்கட்டை நீண்டுபோனதாகத் தோன்றும், முனை இன்னும் விலகிக் கனக்கும். அதைக் குழலின் குற்றமென்று நினைத்துவிடுவோம்.

1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் இங்கே துவக்கு வைத்திருக்க முடியாது. சரிவரவில்லையே என்று நினைத்த மாத்திரத்தில் மாற்றுகிற பொருளல்ல அது. அனுமதி உள்ளவரின் துவக்கை மைதானத்தில், வெறுமையென்று திறந்து பார்த்துவிட்டு, இருபது தடவை தோளில் ஏற்றி மலை விளிம்பை ஒட்டிக் குழல் முனையை ஓட்டிப் பார்க்கலாம். பத்தாம் தடவையிலேயே இடது கை தளர்ந்து முனை தாழ்கிறதென்றால் இரண்டு அங்குலம் குறைந்ததைக் கேளுங்கள். முனை நிலைகொள்ளாமல் துள்ளுகிறதென்றால் கூடியதை.