பழைய பிரெஞ்சுச் சுவரொட்டி வாங்குவோர்க்கு

அச்சமூட்டும் படங்களுக்கும் அறிவியற் கற்பனைப் படங்களுக்கும் பிரான்சில் வெளிவந்த பழைய சுவரொட்டிகளைச் சேர்க்க விழையும் நண்பர் முதலில் எடுக்க வேண்டியது பணப்பையன்று, உருப்பெருக்குக் கண்ணாடியே. 1933-இல் ‘கிங் காங்’ படத்துக்கு ரெனே பெரோன் வரைந்த சுவரொட்டி கல்லச்சில் உருவானது. அவ்வகைத் தாளில் வண்ணம் ஒழுங்கற்ற மணல்போலப் படிந்திருக்கும். இக்கால நகலிலோ நுண்புள்ளிகள் அணிவகுத்து நிற்கும். ஆனால் 1960-ஐ ஒட்டிய படங்களுக்கு இச்சோதனை மட்டும் போதாது. அப்போது மூலத்தாள்கள் பலவும் ஆப்செட்டில் அச்சாயின.

அளவையும் பாருங்கள்: பெரிய தாள் 120×160 சென்டிமீட்டர். 1881-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சகத்தின் பெயரும் தாளில் இருத்தல் வேண்டும். பெரிய தாள்களைப் பெரும்பாலும் மடித்தே வைத்தனர்; ஆதலால் மடிப்புத் தடத்தைக் குறையென்று ஒதுக்காதீர்கள். தடமே இல்லாத தாளைத்தான் நான் ஐயத்தோடு திருப்பிப் பார்ப்பேன்.