ஒற்றை லென்ஸ் காமிராவைத் தேர்ந்தெடுத்தல்

கல்லூரி மாணவர் ஒருவர் சில திங்களுக்கு முன் என்னைக் காண வந்தார். இரண்டாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவரிடம் இருந்தது. கையடக்கமான உயர்ரகக் காமிரா ஒன்றை வாங்க அவருக்கு விருப்பம். அவர் கண் வைத்திருந்த காமிராவின் லென்ஸையோ கழற்றவும் இயலாது. அதன் கோணத்தை மாற்றவும் இயலாது. "ஐயா, இத்தனை விலை கொடுத்தும், எட்ட இருப்பதைக் கிட்டக் காட்டும் ஸூம் வசதிகூட இல்லையே! இதை வாங்குவது அறிவுடைமை ஆகுமா?" என்று கேட்டார். மாணவ நண்பர்களே, உங்களில் சிலருக்கும் இந்த ஐயம் இருக்கக்கூடும். ஆதலின் அவருக்குச் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

இத்தகைய காமிராக்களின் விவரக் குறிப்பில் 28, 35, 40 மில்லிமீட்டர் என்ற எண்களைக் காணலாம். 36-க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள பிலிம் சட்டத்தை அளவுகோலாக வைத்துச் சொல்லப்படும் குவியத் தூரங்கள் அவை. ஆஸ்கர் பர்னாக் அமைத்து, 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா காமிரா அச்சட்டத்தை உலகறியச் செய்தது. பிலிம் அருகிவிட்ட பின்னும் அளவுகோல் மாறவில்லை. எண் குறையக் குறையக் கோணம் விரியும். 28 மில்லிமீட்டர் லென்ஸ் மூலைக்கு மூலை 75 பாகைக் காட்சியை வாங்கிக்கொள்ளும். 35 என்றால் 63 பாகை. 50 என்றால் 47 பாகைதான்.

இதனை நடையளவில் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஓர் ஆளை உச்சி முதல் பாதம் வரை, படம் நிறையும்படி எடுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காமிராவை நிமிர்த்திப் பிடித்தால், 28 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 1.4 மீட்டர் தூரத்தில் நிற்கவேண்டும், 40-இல் 2 மீட்டர், 50-இல் 2.5 மீட்டர். முன்பின் அறியாத ஒருவர் அருகில் 1.4 மீட்டருக்குச் சென்று நிற்க உங்களுக்குத் துணிவு உண்டா? இக்கேள்வியைக் கடையில் எவரும் கேட்பதில்லை. ஆனால் வாங்கிய காமிரா தெருவில் உலாவுமா, பெட்டியில் உறங்குமா என்பதை இதற்குரிய விடையே முடிவு செய்கிறது.

நெருங்குவதில் ஓர் அபாயமும் உண்டு. உறவினர் வீட்டுத் திருமணத்தில் மணமகளின் முகத்தை 28 மில்லிமீட்டர் லென்ஸால் மிக அருகில் நின்று எடுத்தேன். படத்தைப் பார்த்த அப்பெண் வெகு நேரம் என்னோடு பேசவில்லை! மூக்கு புடைத்துத் தெரிந்தது. காதுகள் பின்னே ஓடிவிட்டன. லென்ஸ்மீது பழி போடலாகாது. மூக்கு 30 சென்டிமீட்டரிலும் காது 40 சென்டிமீட்டரிலும் இருந்தால், மூக்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவே விழும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அவ்வேறுபாடு பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தோற்றத்தை மாற்றுவது நாம் நிற்கும் தூரமே. அகன்ற கோணம் நம்மை அருகே அழைக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் இவ்வகைக் காமிராவால் பயன் என்ன? ஒரே கோணத்துக்கென அமைக்கப்படும் லென்ஸ் சிறியதாகவும் கூர்மையுடையதாகவும் அமையக்கூடும். அதனால் சிறிய உடலுக்குள் பெரிய சென்ஸாரை வைக்க முடிகிறது. 2019-இல் வெளியான ரிக்கோ ஜி.ஆர். 3 மின்கலத்தோடு சேர்ந்தே 257 கிராம்தான். ஆயினும் அதன் சென்ஸாரின் பரப்பு, பல சிறு ஸூம் காமிராக்களில் உள்ள ஓரங்குல வகைச் சென்ஸாரைப்போல் மும்மடங்கு. மங்கிய ஒளியில் இவ்வேறுபாடு நன்கு புலனாகும். மற்றொரு வசதியும் உண்டு. ஒளித்துளையை எஃப் 8-க்குக் குறுக்கி, குவியத்தை 2.5 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை யாவும் தெளிவாக விழும். குவியம் தேடிக் காத்திராமல் பொத்தானை அழுத்தலாம். ஓடி வரும் குழந்தை நமக்காக நிற்கப்போவதில்லை அல்லவா?

2024-இல் வந்த ஃபூஜி எக்ஸ் 100-6 காமிராவின் கோணம் 35 மில்லிமீட்டருக்கு ஒப்பானது. கண் வைத்துப் பார்க்கும் காட்சித் துளையும் அதில் உண்டு, ஜி.ஆர். 3-இல் அது இல்லை. நம் ஊர் உச்சி வெயிலில் திரையை மட்டும் நம்பிப் படமெடுப்பது எளிதன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 2023-இல் வந்த லைக்கா க்யூ 3-க்கு 28 மில்லிமீட்டர் லென்ஸும் முழுச் சட்ட அளவுள்ள சென்ஸாரும் உள. ஆனால் எடை 743 கிராம். வெளியான போது அமெரிக்காவில் விலை 5,995 டாலர். ஜி.ஆர். 3 வெளியானபோது 899 டாலர். முன்னதை மாணவர்க்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

எடுத்த படத்தை ஓரங்களில் வெட்டிக் கோணத்தைக் குறுக்கலாமே என்பர் சிலர். குறுக்கலாம். 28-ஐ 50 ஆக வெட்டினால், 24 மெகாபிக்ஸெலில் ஏழரைதான் எஞ்சும்.

அம்மாணவரிடம் ஒன்று செய்யச் சொன்னேன். கைப்பேசிகளின் முதன்மைக் காமிரா பெரும்பாலும் 24 முதல் 28 மில்லிமீட்டர் கோணம் உடையது. ஒரு திங்கள் முழுவதும், விரலால் விரித்துப் பெரிதாக்காமல், அதைக்கொண்டே படமெடுங்கள். பின்னர் எல்லாவற்றையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள் என்றேன். அவ்வாறே செய்து, படங்களுடன் மீண்டும் வந்தார். கட்டடங்களும் தெருக்களும் நன்றாக இருந்தன. ஆனால் அவர் விரும்பி எடுத்தவை மனிதர்களின் படங்கள். அவற்றில் ஆட்கள் நடுவே சிறுத்து நிற்க, சுற்றிலும் வெற்றிடம் மிகுந்திருந்தது. நெருங்கிச் செல்ல அவருக்குக் கூச்சம்.

ஆகவே 28-ஐ விட்டு, 2021-இல் வந்த ஜி.ஆர். 3 எக்ஸ் காமிராவைத் தேர்ந்தார். அதன் கோணம் 40-க்கு ஒப்பானது. பழையது ஒன்று விலைக்கு வந்திருந்தது. லென்ஸ் உள்ளே மடங்கும் காமிராக்களில் தூசி புகுந்து சென்ஸாரில் படியக்கூடும். லென்ஸைக் கழற்ற இயலாமையால் நாமே துடைக்கவும் முடியாது. எனவே ஒளித்துளையை எஃப் 16-க்குக் குறுக்கி, வெண்மையான சுவரொன்றைப் படமெடுத்துப் பார்க்கச் சொன்னேன். தூசி இருந்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். முதலில் காட்டப்பட்ட காமிராவில் மூன்று புள்ளிகள் இருந்தன. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலும் இரண்டு வாரம் காத்திருந்து வேறொன்றை வாங்கினார்.