துவாய் மடிக்கும் ரோபோவும் பணிப்பெண்ணின் கைகளும்

"வீட்டு வேலைக்கெல்லாம் ரோபோ வந்துவிட்டதாமே! இனி அரபு நாடுகளுக்குப் பணிப்பெண்களை எடுக்க மாட்டார்களாமே!" எமது ஊர்களில் இப்படியொரு பேச்சு அடிபடுகிறது. கைத்தொலைபேசியில் வரும் ஒரு நிமிட வீடியோதான் பெரும்பாலும் இதற்கு ஆதாரம். ரோபோ பீங்கான் கழுவுகிறது, உடுப்பு மடிக்கிறது, தரை துடைக்கிறது. அதைப் பார்த்துச் சில தாய்மார் "எங்கள் வீட்டுக்கும் ஒன்று வராதா?" என்று ஆசைப்படுகிறார்கள். வெளிநாட்டில் உழைக்கும் மகளின் பணத்தில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் தாய்மாரோ கலங்கிப் போகிறார்கள்.

இந்த ஆசைக்கும் இந்தக் கலக்கத்துக்கும் எவ்வளவு நியாயம் உண்டு? ரோபோக்களைச் செய்கின்றவர்கள் தம்மவர் கூடும் இடத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்தால் இது ஓரளவு விளங்கும். அத்தகைய கூட்டங்களுள் பெரியதொன்று ஐரோஸ் எனப்படும் சர்வதேச மாநாடு. 1988இல் டோக்கியோவில் ஆரம்பமான இம்மாநாடு 2024 ஒக்டோபர் 14 முதல் 18 வரை அபூதாபி தேசிய கண்காட்சி நிலையத்தில் நடைபெற்றது. கலீபா பல்கலைக்கழகம் அதனை ஏற்று நடத்தியது. இம்மாநாடு அரபு மண்ணுக்கு வந்தது அதுவே முதற் தடவை. எமது சகோதரிகள் ஆயிரக்கணக்கில் அடுப்படிகளில் உழைக்கும் ஒரு நாட்டில் அது நடந்தது என்பதை நாம் கவனத்திற் கொள்ள வேண்டும்.

முதற் தடவை என்றாலும் இயந்திரப் பணியாளர் என்ற எண்ணம் அரபு மொழிக்குப் புதிதன்று. இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்கிரில், அர்துக் வம்ச மன்னர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரி என்னும் பொறியியலாளர் 1206இல் தனது இயந்திரங்களைப் பற்றி அரபியில் ஒரு நூலை எழுதி முடித்தார். அதிலே வுழூச் செய்யத் தண்ணீர் ஊற்றும் இயந்திரங்களும் உண்டு. வேலைக்காரனோ அடிமைப் பெண்ணோ தனது கையில் தண்ணீர் ஊற்றுவதை மன்னர் விரும்பவில்லை என்றும், அதனால்தான் அப்படியொன்றைச் செய்யும்படி தன்னிடம் கேட்டார் என்றும் அவர் காரணம் சொல்கிறார். மனிதர் செய்யும் பணிவிடையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் ஆசை எண்ணூறு வருடங்களுக்கு முன்னரே இருந்திருக்கிறது!

இத்தகைய மாநாட்டுக்குப் போகிறவர் இரண்டு உலகங்களைக் காண்பார். ஒரு பக்கம் கண்காட்சி மண்டபம். கம்பனிகள் தமது பொருட்களை மினுக்கி வைத்திருக்கும். நாலுகால் ரோபோ நாய்போல் ஓடும், இரும்புக் கை அசையும், பார்ப்பவர்கள் படம் பிடித்துக்கொள்வார்கள். மறுபக்கம் ஆய்வுரைகள். இங்கே தான் செய்த ரோபோ எத்தனை தடவை சரியாகச் செய்தது, எத்தனை தடவை தவறியது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று இலக்கத்தில் காட்டியாக வேண்டும். என்னைக் கேட்டால் கண்காட்சியை விட இந்தப் பக்கத்தில்தான் பயன் அதிகம். ஆய்வாளர்கள் காட்டும் வீடியோக்களின் மூலையில் "10 மடங்கு", "20 மடங்கு" என்று சிறிதாக எழுதியிருப்பதைக் காணலாம். படம் அத்தனை மடங்கு வேகத்தில் ஓட்டப்படுகிறது என்பது பொருள். எமது கைத்தொலைபேசிக்கு வந்து சேருமுன் அந்த எழுத்து எங்கோ காணாமற் போய்விடுகிறது.

துவாய் மடிக்கும் கதையையே எடுத்துக்கொள்வோம். 2010இல் அலஸ்காவின் அங்கரேஜ் நகரில் நடந்த இக்ரா என்னும் இன்னொரு பெரிய ரோபோ மாநாட்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை முன்வைத்தனர். முன்னர் பார்த்திராத துவாய்களைக் குவியலிலிருந்து எடுத்து மடிக்கும் ரோபோ அது. ஐம்பது தடவை முயன்று ஐம்பதிலும் வெற்றி பெற்றது. துறை சார்ந்தவர்கள் வியந்து பாராட்டினார்கள். ஒரு துவாய்க்கு அது எடுத்த நேரம் எவ்வளவு தெரியுமா? சராசரியாக 25 நிமிடங்கள்! அதே நேரத்தில் எமது வீட்டுப் பெண் ஒரு கிழமை உடுப்பை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டுச் சோறும் வடித்துவிடுவாள்.

பன்னிரண்டு வருடங்கள் கழித்து, 2022இல் கியோத்தோ நகரில் நடந்த ஐரோஸ் மாநாட்டில், ஜேர்மனியின் கார்ல்ஸ்றூ ஆய்வாளர்களும் பெர்க்லியினரும் சேர்ந்து ஓர் உடுப்பை இரண்டு நிமிடத்துக்குள் மடிக்கும் ரோபோவைப் பற்றி எடுத்துரைத்தார்கள். மணிக்கு முப்பது முதல் நாற்பது உடுப்புகள். நூற்றுக்கு 93 தடவை சரியாக மடித்தது. முன்னேற்றம் உண்மையானதே, மறுப்பதற்கில்லை. ஆயினும் இது ஒரு மேசை மீது போடப்பட்ட உடுப்பு. கட்டிலுக்குக் கீழே பிள்ளை கழற்றி எறிந்த ஒற்றைக் காலுறையை அது தேடி எடுக்கவில்லை.

இதற்கிடையில் வியாபாரத்தில் இறங்கி வீழ்ந்தவர்களும் உண்டு. உடுப்பைப் போட்டால் மடித்துத் தரும் அலுமாரி என்று ஒரு ஜப்பானியக் கம்பனி 2015இல் லோண்ட்ரொயிட் என்ற பொருளை அறிமுகப்படுத்தியது. 2018இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஒரு பத்திரிகையாளர் தனது கறுப்பு டீ-ஷேர்ட்டை அதற்குள் போட்டபோது அதனால் மடிக்க முடியவில்லை. கமராவுக்குக் கறுப்புத் துணி பிடிபடவில்லையாம். (கறுப்பு அபாயாக்கள் நிறைந்த ஒரு வீட்டில் அதன் பாடு என்ன ஆகியிருக்கும்!) 2019இல் அக்கம்பனி வங்குரோத்தாகியது.

1997இலேயே ஒரு கணினி உலக சதுரங்கச் சம்பியன் கஸ்பரோவைத் தோற்கடித்துவிட்டது. அப்படியிருக்க ஒரு துவாய் ஏன் இத்தனை பாடு படுத்துகிறது? ஹான்ஸ் மொரவெக் என்னும் ரோபோ ஆய்வாளர் 1988இலேயே இதைச் சொல்லிவைத்தார். பெரியவர்களுக்குக் கடினமான கணக்கும் விளையாட்டும் இயந்திரத்துக்கு இலகு. ஒரு வயதுக் குழந்தை செய்யும் பார்த்தல், பிடித்தல், நடத்தல் இயந்திரத்துக்கு மிகக் கடினம். சதுரங்கப் பலகையில் அறுபத்து நான்கு கட்டங்கள்தாம். துணிக்கோ நிலையான உருவமே இல்லை. ஒவ்வொரு முறை போடும்போதும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கும், ஓர் ஓரம் இன்னோர் ஓரத்தை மறைக்கும். எது ஓரம், எது மடிப்பு என்பதை நாம் பெரும்பாலும் கண்ணால் பார்ப்பதில்லை, விரலால் அறிகிறோம். மனிதனின் ஒரு கையில் மாத்திரம் தொடுகையை உணரும் நரம்பு முனைகள் ஏறத்தாழ 17,000 இருப்பதாகக் கணித்திருக்கிறார்கள். அல்லாஹ் கொடுத்த இந்தக் கையுடன் போட்டியிடத்தான் இத்தனை பல்கலைக்கழகங்களும் இத்தனை கோடிப் பணமும்.

இங்கேதான் எனக்கு ஒரு விடயம் உறுத்துகிறது. 'படிக்காதவள் செய்யும் வேலை', 'வெறும் வீட்டு வேலை' என்று நாம் பேசுகிறோம். மத்திய கிழக்குக்குப் போகும் பெண்ணின் ஒப்பந்தத்திலும் அது திறனற்ற தொழில் போலவே மதிப்பிடப்படுகிறது. அதே வேலையை இயந்திரத்துக்குக் கற்பிக்கும் பொறியியலாளர்களோ அதைத் தமது துறையின் மிகக் கடினமான பிரச்சினைகளுள் ஒன்றாகக் கருதுகிறார்கள். வழுக்கும் கண்ணாடிக் கோப்பையை உடைக்காமல் கழுவுவது, அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் பால்மா கரைப்பது, படுக்கையில் கிடக்கும் மூதாட்டியை நோகாமல் புரட்டி விரிப்பை மாற்றுவது: இவற்றுக்கெல்லாம் நாளைக்கே இயந்திரம் வந்துவிடும் என்று இத்துறையை அறிந்த எவரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஆகவே மகளின் வேலை அடுத்த மாதம் போய்விடும் என்று எந்தத் தாயும் அஞ்ச வேண்டியதில்லை. தரை கூட்டுவது போன்ற சில வேலைகளை இயந்திரம் ஏற்கனவே எடுத்துக்கொண்டுவிட்டது என்பதும் உண்மைதான்.

ஆசைப்படும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு ரோபோவுக்குக் கண் உண்டு, அந்தக் கண் கமரா. தரை கூட்டும் றூம்பா வகைப் பரிசோதனை ரோபோக்கள் 2020இல் வீடுகளுக்குள் எடுத்த படங்கள், அவற்றைப் பார்த்து அடையாளமிடும் வேலை செய்த வெனிசுவெலா நாட்டவர்கள் மூலம் வெளியே கசிந்தன. அவற்றுள் கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் இருந்தது. 2022 டிசம்பரில் இது பத்திரிகையில் அம்பலமாகியது. பரிசோதனைக்குச் சம்மதித்த வீடுகளே அவை என்று கம்பனி கூறியது. சம்மதித்தவர்கள் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அறிந்துதான் சம்மதித்தார்களா?

2025 ஒக்டோபரில் ஒன்-எக்ஸ் என்னும் கம்பனி நியோ என்ற மனித வடிவ வீட்டு ரோபோவுக்கு 20,000 டொலர் விலை அறிவித்தது. அதற்குத் தெரியாத வேலையைக் கம்பனியின் ஊழியர் ஒருவர் தூரத்தில் அமர்ந்து, அதன் கமராவினூடாகப் பார்த்து இயக்குவார். வீட்டார் அனுமதிக்கும் நேரத்தில் மாத்திரமே அப்படிச் செய்வதாகவும், ஆட்களின் உருவத்தை மங்கலாக்கலாம் என்றும், போகக் கூடாத அறைகளைக் குறித்து வைக்கலாம் என்றும் சொல்கிறார்கள். இருந்தாலும் நாம் இயந்திரம் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்யாமல் நிற்கும் அடுப்படியில், சில வேளை முன்னால் நிற்பது ஒரு மனிதனின் பார்வை.

ஆகவே உங்கள் கணவரோ மகனோ இப்படியான கண்காட்சிக்குப் போனால் விலையை மட்டும் கேட்டுவிட்டு வர விடாதீர்கள். படம் எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கிறார், பார்ப்பவர் ஆணா பெண்ணா, இன்டர்நெட் இணைப்பைக் கழற்றிவிட்டாலும் அது வேலை செய்யுமா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் மகள் இருந்தால் அவளே போய்க் கேட்கலாம். மாணவர்களுக்கு இம்மாநாடுகளில் கட்டணம் குறைவு. ஆய்வுரையை ஏற்றுக்கொண்டால் அவள் மேடையேறிப் பேசவும் முடியும். உடுப்பு மடிப்பது பற்றிய ஆய்வென்றால் வீட்டில் உம்மாவிடம் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு போகட்டும்.