கடித்தது எது? வீட்டுப் பூச்சிகளை அடையாளம் காணும் வழி

வீட்டுக்குள் ஊர்வனவும் பறப்பனவுமான சிற்றுயிர்களில் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. நோயையோ நஞ்சையோ கொண்டுவருபவை சிலவே; அவற்றிலும் பல உருவில் மிகச் சிறியவை. பயமோ உருவத்தைப் பார்த்தே வருகிறது. அதனால்தான் சுவரில் ஓடும் பெரிய சிலந்தி துடைப்பத்தால் அடிபடுகிறது. ஃப்ரிட்ஜின் பின்தட்டில் நெளியும் கொசுப்புழு தப்பிவிடுகிறது.

கால்களின் கணக்கு

ஆறு கால் இருந்தால் பூச்சி. எட்டுக் கால் இருந்தால் சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் இனம். உடல் முழுக்கக் கால்கள் இருந்து, கண்டத்துக்கு ஒரு ஜோடியாக அமைந்து, வேகமாக ஓடினால் பூரான். இரண்டு இரண்டு ஜோடியாக இருந்து, தொட்டதும் சுருண்டுகொண்டால் மரவட்டை. பூரான் கடித்தால் கடுமையான வலியும் வீக்கமும் உண்டு. பொதுவாக ஓரிரு நாளில் அடங்கிவிடும். மரவட்டை கடிப்பதில்லை. அதன் கசிவு பட்டால் மட்டும் தோல் எரியலாம்.

சுவரில் வெள்ளரி விதைபோல் ஒட்டிக்கொண்டு, உற்றுப் பார்த்தால் மெல்ல நகரும் சாம்பல் நிறக் கூடு பல வீடுகளில் உண்டு. தூசி, மணல், நூல், தலைமுடி எல்லாவற்றையும் சேர்த்துத் தனக்கு உறை பின்னிக்கொண்ட அந்துப்பூச்சிப் புழு அது. ஒட்டடை அடித்தால் போதும், மருந்து தேவையில்லை.

மூன்று கொசு, மூன்று தண்ணீர்

கொசு எல்லாம் ஒன்று என்ற எண்ணம்தான் கொசு ஒழிப்பைப் பாழாக்குகிறது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு கறுப்பு. கால்களில் வெள்ளை வளையங்கள், முதுகில் வெண்கோடுகள். பகலில் கடிக்கும், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும். சாக்கடையில் அன்றி, வீட்டிலேயே தேங்கும் ஓரளவு தெளிந்த நீரில் முட்டையிடும்: பூந்தொட்டித் தட்டு, பழைய ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி, டயர், மூடாத டிரம். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தேய்ப்பதே சரியான கணக்கு.

மலேரியா பரப்பும் அனோபிலஸ் கொசு வாலைத் தூக்கிச் சாய்வாக உட்காரும். சென்னை போன்ற நகரங்களில் மொட்டைமாடித் தொட்டியும் கிணறும் அதற்குப் பிடித்த இடங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் அழுக்கு நீரில் வளர்ந்து இரவில் கடிக்கும். செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் வலை கட்டினால் அதன் வழி அடைபடும்.

மெத்தையும் அடுப்படியும்

காலையில் கையிலோ கழுத்திலோ தடிப்புகள் வரிசையாகத் தெரிந்தால், மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டில் இடுக்கையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கரும்புள்ளிகளாகத் தெரியும் எச்சம், உரிந்த தோல், நான்கைந்து மில்லிமீட்டர் நீளத்தில் தட்டையான செம்பழுப்புப் பூச்சி ஆகியவை மூட்டைப்பூச்சியின் அடையாளங்கள். அது நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை, கெடுப்பது தூக்கத்தை. பல பூச்சிமருந்துகளுக்கு அது மசிவதில்லை. உறைகளைக் கொதிநீரில் அலசுவதும் கட்டில் இடுக்குகளில் வெந்நீர் ஊற்றுவதும் இன்றும் பயன் தரும்.

கரப்பானில் இரண்டு வகை முக்கியம். உருவில் பெரிதாகச் செம்பழுப்பாக இருப்பது சாக்கடை வழி வருவது. குழாய் வாயில் ஜாலி போட்டால் குறையும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாத, கழுத்தருகே இரண்டு கருங்கோடுகள் கொண்ட வெளிர் பழுப்பு வகை அடுப்படியிலேயே குடித்தனம் நடத்தும். அதன் முட்டைப்பையில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும்.

அக்கி என்று நினைக்கப்படும் புண்

மழைக்கால இரவில் டியூப்லைட்டைச் சுற்றி வரும் ஒரு வண்டு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவானது. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும் உடல், நடுவில் நீலப் பளபளப்பான சிறிய இறக்கை மூடி. இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. தோலில் வைத்து நசுக்கினால்தான் இதன் உடலில் உள்ள பெடரின் என்ற நஞ்சு வெளிவரும். எரிச்சலும் சிவப்புக் கோடும் கொப்புளமும் தோன்ற ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். அதற்குள் வண்டு மறந்துபோயிருக்கும். பழி எட்டுக்கால் பூச்சியின் மேல் விழும், அல்லது அக்கி என்று சொல்லிக் காவி பூசப்படும்.

வேறுபாடு தெளிவானது. அக்கியில் புண் தோன்றுமுன் வலி வரும். கொப்புளங்கள் நரம்பின் வழியே உடலின் ஒரு பக்கமாகக் கொத்துக் கொத்தாகப் பரவும். வண்டுப் புண் தேய்த்த திசையில் கோடாக இருக்கும். முழங்கை மடிப்பில் பட்டால் இரு பக்கமும் ஒரே வடிவில் அச்சாகும். வண்டு மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ள வேண்டும். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்தக் கையால் கண்ணைத் தொடக் கூடாது.

சிலந்தியும் தேளும்

வலை கட்டாமல் சுவரில் ஓடும் பெரிய தட்டைச் சிலந்தி கரப்பான் வேட்டைக்காரன். வெள்ளை வட்டு போன்ற முட்டைப்பையை வயிற்றடியில் சுமந்து திரிவது அதன் பெண். மூலையில் ஒல்லிக் கால்களோடு தொங்குவதும் தீங்கற்றதே.

தேளில் பெரியதைவிடச் சிறியதே ஆபத்தானது. பருத்த கொடுக்குகளுடைய கரிய நட்டுவாக்காலி வலியைத் தரும். மெலிந்த கொடுக்கும் தடித்த வாலும் கொண்ட செந்தேளின் நஞ்சு இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும். குழந்தைக்கு வியர்த்துக் கொட்டி, கை கால் சில்லிட்டு, வாந்தியும் வந்தால் மந்திரிக்க நேரமில்லை. பிரசோசின் என்ற மாத்திரையைச் சீக்கிரம் தந்தால் உயிர் காக்கலாம் என்று மகாராஷ்டிரத்தின் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் காட்டினார்.

கண்ணில் படாத கடி

வீட்டைச் சுற்றிய புதரிலும் புல்லிலும் வாழும் ஒருவகை நுண் உண்ணியின் இளம்பருவம் கடித்தால் வலிக்காது. இதனால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் தமிழகத்தில் மழைக்காலத்தை ஒட்டியும் குளிர் மாதங்களிலும் மிகுதி. அக்குள், இடுப்பு, தொடை மடிப்பு போன்ற மறைவிடங்களில் விளிம்பு சிவந்து நடுவே கறுத்த, வலியில்லாத பொருக்கு இருந்தால் அதுவே தடயம். எல்லோருக்கும் அது வருவதில்லை. விடாத காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும்போது இந்தப் பொருக்கைக் கூச்சப்படாமல் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் மாத்திரைக்கு இந்த நோய் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் கட்டுப்படும். காலம் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும்.