வஸிய்யத்தில் ஒரு பங்கு பசித்தவருக்கும்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருதுவோடு இந்தியும் ஒடியாவும் காதில் விழும். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். இரு மாநிலத் தொழிற்சாலைகளையும் நம்பி வந்தவர்கள் இங்கே வாடகை அறைகளில் வாழ்கிறார்கள். பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். முதல் சம்பளம் கைக்கு வரும்வரை, அல்லது நோயில் பத்து நாள் படுத்துவிட்டால், சாப்பாட்டுக்கே திண்டாட்டம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரிலேயே தமிழகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சொந்த ஊரில் இருக்கும் குடும்பமும் அந்த அரிசியைத்தானே நம்பியிருக்கிறது!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நம் ஜமாஅத்துகள் பல ஊர்களில் அரிசியும் பொட்டலமும் கொண்டுபோய்க் கொடுத்தன. ரமளானில் நோன்புக் கஞ்சி குறைவின்றிக் காய்ச்சப்படுகிறது. ஷவ்வால் பிறந்த பிறகு வரும் பசிக்கு என்ன ஏற்பாடு? ஆண்டு முழுவதும் இயங்கும் உணவு வங்கிக்கு நிலையான வருவாய் வேண்டும். அதற்கு மார்க்கம் காட்டும் அழகிய வழிகளில் ஒன்று வஸிய்யத், அதாவது மரண சாசனம்.

ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தம் சொத்தின் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அனுமதிக்கவில்லை. அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுகளைக் கையேந்த விடாமல் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே சிறந்தது என்று காரணமும் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆகவே பிள்ளைகளின் பங்கைக் குறைத்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டாம். எல்லையை மார்க்கமே வகுத்துவிட்டது.

கணக்கு எளிது. ஒருவர் 15 லட்சம் விட்டுச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடக்கச் செலவும், கொடுக்காத மஹர் உட்படக் கடன்களும் 3 லட்சம். மீதி 12 லட்சம். வஸிய்யத்தின் உச்ச வரம்பு 4 லட்சம். அதற்கு மேல் போனால் அவர் மரணத்துக்குப் பின் வாரிசுகள் மனமுவந்து சம்மதிக்க வேண்டும். பிள்ளைகள் சிறியவர்களாகவோ வறியவர்களாகவோ இருந்தால் ஐம்பதாயிரம் எழுதினாலும் போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜகாத்தைப் பெறுவோர் யார் என்பது குர்ஆனில் வரையறுக்கப்பட்டது. முஸ்லிமல்லாத ஏழைக்கு அதைக் கொடுக்க முடியாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. வஸிய்யத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது ஒடிசாவிலிருந்து வந்த இந்துத் தொழிலாளிக்கும் சேரலாம். உணவளிப்போரைப் புகழும் அத்தஹ்ர் அத்தியாயம் ஏழை, அநாதையோடு கைதியையும் சேர்த்துச் சொல்கிறது. அன்றைய கைதிகள் எதிரிப் படையிலிருந்து பிடிபட்டவர்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எழுதி வைத்த தர்மம் எவ்வளவு காலம் நிற்கும்? உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் சுல்தான் 1552-இல் ஜெருசலத்தில் ஏழைகளுக்கான சமையற்கூடம் ஒன்றை நிறுவினார். பல கிராமங்களின் வருவாயை அதற்கு வக்ஃபாக எழுதி வைத்தார். ஆட்சிகள் மாறின, அங்கே உணவு வழங்குவது நம் காலம் வரை தொடர்கிறது. நம்மிடம் கிராமங்கள் இல்லை. ஒரு கடையின் வாடகை இருக்கலாம், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்பின் குத்தகை இருக்கலாம்.

ஜனாஸா வீடுகளில் நாம் அடிக்கடி கேட்பது இது: "அத்தா ஏதோ தர்மத்துக்குக் கொடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க ஹஜ்ரத். எவ்வளவு, யாருக்குன்னு தெரியல." பிள்ளைகள் நல்லவர்கள்தான். ஆனால் ஆளுக்கொரு நினைவு, அதிலேயே மனக்கசப்பு. எழுத வேண்டிய விஷயம் இருக்கும் முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபிமொழியின் கருத்து (புகாரி, முஸ்லிம்).

எழுதும்போது கவனிக்க வேண்டியவை:

• தொகையாகவோ விகிதமாகவோ தெளிவாக எழுதுங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள்.

• பெறும் அறக்கட்டளை அல்லது பள்ளிவாசலின் முழுப்பெயர், முகவரி, நோக்கம் மூன்றையும் குறிப்பிடுங்கள். அன்று அது இயங்காவிட்டால் அதே பணியைச் செய்யும் வேறு அமைப்புக்குப் போகட்டும் என ஒரு வரி சேருங்கள்.

• நிறைவேற்றும் பொறுப்பாளரை நியமியுங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்திடட்டும்.

• முஸ்லிம்களின் வாய்மொழி உயிலும் நம் நாட்டில் செல்லும். ஆனால் நிரூபிப்பது கடினம். எழுதிய உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை என்றாலும் பாதுகாப்பு.

• கடையையோ நிலத்தையோ வக்ஃபாக்க விரும்பினால், 2025-இல் திருத்தப்பட்ட வக்ஃப் சட்டப்படி எழுத்து ஆவணம் அவசியம். வழக்கறிஞரையும் ஆலிமையும் கலந்து செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மனைவி மக்களை உட்காரவைத்து இன்றே சொல்லிவிடுங்கள். தெரிந்த பிள்ளைகள் அதைத் தம் பொறுப்பாக எடுத்து நிறைவேற்றுவார்கள். தாமும் அவ்வாறே எழுதக் கற்றுக்கொள்வார்கள்.

நாம் மண்ணுக்குள் போன பிறகும், எங்கோ ஒரு வாடகை அறையில் நம் பெயர்கூடத் தெரியாத ஒருவர் வயிறார உண்டு உறங்கினால், அந்த நன்மை நம் ஏட்டில் எழுதப்படும், இன்ஷா அல்லாஹ். அத்தகைய ஸதகத்துல் ஜாரியாவை விட்டுச் செல்லும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.