தொலைபேசி நேர்முகத் தேர்வு

தொலைபேசி நேர்முகத் தேர்வு என்பது, வேலைக்கு விண்ணப்பித்த ஒருவரை நேரில் வரவழைக்காமல் தொலைபேசி வழியாக உரையாடி மதிப்பிடும் முறையாகும். பெரும்பாலும் இது முதற்கட்ட வடிகட்டலாக அமைகிறது. இதில் தேறியவர்களே அடுத்த கட்டத் தேர்வுகளுக்கு அழைக்கப்படுகின்றனர். மென்பொருள் துறையில் இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது. இங்கு முகமோ உடையோ தெரிவதில்லை. விண்ணப்பதாரரைப் பற்றி எழும் எண்ணம், அவருடைய குரலையும் அக்குரலைச் சுமந்து வரும் இணைப்பையும் பொறுத்தது. இவற்றுள் இணைப்பின் பங்கைப் பெரும்பாலோர் கருதுவதில்லை.

பின்னணி

தொலைவிலுள்ள ஒருவரைப் பயணச் செலவு கொடுத்து வரவழைக்கும் முன், அவர் அடிப்படைகளை அறிந்தவரா எனச் சோதிப்பதே இத்தேர்வின் முதன்மை நோக்கம். அமேசான் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவ் யெகி என்ற பொறியாளர் 2000களில் எழுதிய ஒரு கட்டுரை இத்துறையில் பலராலும் படிக்கப்பட்டது. நிரல் எழுதுதல், பொருள்நோக்கு வடிவமைப்பு, ஸ்கிரிப்ட் எழுதுதலும் உரைத்தேடலும், தரவுக் கட்டமைப்புகள், பிட்டும் பைட்டும் ஆகிய ஐந்திலும் வினா எழுப்ப வேண்டும் என்பது அவருடைய கருத்து. ஐந்திலும் ஒருவர் சிறந்து விளங்கத் தேவையில்லை. ஆனால் எதிலும் முற்றிலும் வெறுமையாக இருத்தல் கூடாது.

இந்தியாவில் 1990களில் வீட்டுத் தொலைபேசி இல்லாதோர் பலர், பக்கத்து வீட்டு எண்ணை "பி.பி." எனக் குறித்து விண்ணப்பத்தில் தருவது வழக்கமாக இருந்தது. 1995-இல் செல்பேசிச் சேவை தொடங்கியபோதும், 2003 வரை உள்வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்தது. அதாவது, தேர்வுக்கான அழைப்பை ஏற்பவரும் அதற்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தது.

குரலும் மதிப்பீடும்

சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியானா ஷ்ரோடர், நிக்கொலாஸ் எப்லி ஆகியோர் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மேலாண்மை மாணவர்கள் தாம் ஏன் வேலைக்குத் தகுதியானவர்கள் எனப் பேசியதைச் சிலர் நிகழ்படமாகக் கண்டனர். சிலர் குரலாக மட்டும் கேட்டனர். சிலர் எழுத்து வடிவில் படித்தனர். சொற்கள் ஒன்றாக இருந்தும், படித்தவர்களைவிடக் கேட்டவர்களே பேசியவரைக் கூடுதல் திறமையுடையவராக மதிப்பிட்டனர். நிகழ்படம் சேர்ந்ததால் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. குரலின் ஏற்ற இறக்கமும் வேகமும் ஒருவர் சிந்திப்பதை வெளிக்காட்டுகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எழுதி வைத்த விடையை அப்படியே வாசிக்கும்போது முதலில் மறைவது இந்த ஏற்ற இறக்கமே. எனவே முழு வாக்கியங்களைவிடச் சிறு குறிப்புகளை எதிரில் வைத்திருத்தல் நன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1999-இல் தாமஸ் பர்னெல், வில்லியம் இட்சார்டி, ஜான் பா ஆகியோர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், "ஹலோ" என்ற ஒரே சொல்லைக் கொண்டு பேசுபவரின் வட்டார வழக்கைக் கேட்டவர்கள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட முறை சரியாக இனங்கண்டனர். அது வீட்டு வாடகை தொடர்பான ஆய்வு. எனினும் முகம் தெரியாததாலேயே பாகுபாடு நீங்கிவிடாது என்பதை அது காட்டியது. உச்சரிப்பை ஒரே வாரத்தில் மாற்ற முயல்வது வீண். மெதுவாகவும் சொற்களின் இறுதியை விழுங்காமலும் பேசுவது எவருக்கும் இயலும்.

இணைப்பின் குறுக்கீடு

மரபான தொலைபேசி, மனிதக் குரலில் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டுமே கடத்துகிறது. "எஸ்", "எஃப்" போன்ற எழுத்துகளை வேறுபடுத்தும் உரசொலியின் ஆற்றலில் பெரும்பகுதி இதற்கு மேல் உள்ளது. ஆகவே மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது குழப்பம் நேர்வது பேசுபவரின் குறையன்று. வானூர்தித் துறையில் 1956 முதல் வழங்கும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற வரிசை இதற்குப் பயன்படும். "எம் ஃபார் மெட்ராஸ்" என்ற நம்மூர் முறையும் போதுமானதே. "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" போன்ற எண்களை "ஒன்று ஐந்து", "ஐந்து சுழியம்" எனப் பிரித்தும் சொல்ல வேண்டும். சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது இது சிறிய செய்தியன்று. 2016-க்குப் பின் இந்தியாவில் பரவிய வோல்ட்இ சேவை, இரு முனைகளும் வலையமைப்பும் இடந்தந்தால், 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்தவல்லது. இடையில் பழைய வலையமைப்பு ஒன்று குறுக்கிட்டால் ஒலி மீண்டும் குறுகிவிடும்.

இதைவிடத் தீங்கானது தாமதம். 2009-இல் பத்து மொழிகளில் நடந்த ஓர் ஆய்வின்படி, வினாவுக்கும் விடைக்கும் இடையிலான சராசரி இடைவெளி சுமார் 200 மில்லி நொடி. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருத்தல் நன்று எனவும், 400-ஐத் தாண்டுதல் கூடாது எனவும் கூறுகிறது. ஒருவழித் தாமதம் 300 எனக் கொள்வோம். வினா வந்துசேர 300, விடை திரும்பிச்செல்ல 300. விண்ணப்பதாரர் வழக்கம்போல் 200-இல் விடையளித்தாலும் எதிர்முனையில் 800 மில்லி நொடி மௌனம் கேட்கும். அது தயக்கமாகத் தோன்றும். 2014-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வு, கேட்பவர்கள் இத்தாமதத்தை இணைப்பின் மீது ஏற்றாமல் பேசுபவரின் இயல்பாகவே எடுத்துக்கொள்வதைக் காட்டியது.

அழைப்பின் தொடக்கத்தில் "இணைப்பில் சற்றுத் தாமதம் இருப்பதாகத் தெரிகிறது" என இருவரும் அறியச் சொல்லிவிடுவது எளிய வழி. இருவரும் ஒரே நேரத்தில் பேச நேர்ந்தால் விட்டுக்கொடுப்பதும், விடை முடிந்ததை வெளிப்படையாகச் சொல்வதும் பயனளிக்கும். கதை கேட்பவர் "உம்" கொட்டுவது நம் வழக்கம். ஆனால் எதிர்முனையில் ஒருநேரத்தில் ஒரு திசையில் மட்டும் ஒலி கடத்தும் பழைய வகை ஒலிபெருக்கித் தொலைபேசி இருப்பின், ஒவ்வொரு "உம்"மும் அவர் குரலைத் துண்டித்துவிடும்.

மௌனமும் உரத்த சிந்தனையும்

நேரில், ஒருவர் தாளில் கிறுக்கிக்கொண்டு சிந்திப்பது தெரியும். தொலைபேசியில் அது வெறும் மௌனமே. எனவே சிந்தனையையே சொற்களாக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஓர் எண் பட்டியலில் ஏதேனும் ஓர் எண் இருமுறை வருகிறதா எனக் கண்டறியும் வினாவை எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லாவற்றுடனும் ஒப்பிடும் வழியைச் சொல்லலாம்; பட்டியலின் நீளத்தின் வர்க்கத்திற்கேற்ப இதன் நேரம் கூடும். அடுத்து, வரிசைப்படுத்திய பின் அடுத்தடுத்த எண்களை ஒப்பிடும் வழி. இறுதியாக, கண்ட எண்களை ஹாஷ் அட்டவணையில் இட்டுவைக்கும் வழி. இதில் நேரம் சராசரியாக நீளத்திற்கு நேர்விகிதத்தில் அமையும், ஆனால் கூடுதல் நினைவகம் தேவை. இறுதி விடையை மட்டும் உடனே சொல்பவரைவிட, இவ்வரிசையில் பேசுபவரை மதிப்பிடுவது எளிது. நிரலை வாய்வழிச் சொல்ல நேர்ந்தால், அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டிராமல் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்பதைச் சொல்லலாம்.

விடை தெரியாவிடின் தெரியாது என்று கூறுவதே தகும். எதிர்முனையில் விசைப்பலகை ஓசை கேட்டால், தேடுபொறியில் தேடுகிறார் என்றே நேர்காண்பவர் கருதுவார். குறிப்பெடுக்கவும் தாளே நல்லது.

நேரக் குறிப்பு

அமெரிக்காவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால், இந்திய நேரம் இரவு 9:30 என்பது கலிபோர்னியாவில் குளிர்காலத்தில் காலை 8:00 மணி, கோடையில் 9:00 மணி. மார்ச், நவம்பர் மாதங்களில் அழைப்பு நேரத்தை மீண்டும் உறுதிசெய்ய வேண்டும்.

ஏமாற்றுகள்

விண்ணப்பதாரருக்குப் பதிலாக வேறொருவர் பேசும் ஆள்மாறாட்டம் இம்முறையின் நெடுநாள் குறை. நிறுவனங்கள் நிகழ்படத் தேர்வுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். எதிர்த்திசையிலும் ஏமாற்று உண்டு. பெயர் பெற்ற நிறுவனத்தின் பெயரில் பத்து நிமிடம் எளிய வினாக்களைக் கேட்டுவிட்டு, வேலை உறுதி எனக் கூறி "வைப்புத்தொகை" கேட்கும் அழைப்புகள் இந்தியாவில் புதிதல்ல. பணமோ, வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லோ கேட்கப்பட்டால் அது தேர்வன்று.

செவித்திறன் குறைந்தோர்

செவித்திறன் குறைந்த ஒருவருக்கு இத்தேர்வு தொடக்கத்திலேயே கதவை அடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், எழுத்தைக் குரலாகவும் குரலை எழுத்தாகவும் மாற்றித்தரும் இடைநிலைச் சேவைக்கு வழிசெய்தது. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. தொலைபேசிக்குப் பதிலாக எழுத்துவழி உரையாடலையோ சைகைமொழி பெயர்ப்பாளருடன் நிகழ்படத் தேர்வையோ விண்ணப்பதாரர் முன்கூட்டியே கேட்கலாம். அக்கோரிக்கையை அழைப்பு வருவதற்குச் சில நாள்கள் முன்னதாக எழுத்தில் அனுப்புவது நடைமுறைக்கு ஏற்றது.