ஐந்து சொட்டுக்குப் பின்னால் ஒரு வேலூர்த் தெரு

கைக்குழந்தைக்கு வயிற்றாலை போக ஆரம்பித்தால், அனுபவப்பட்ட பாட்டி முதலில் தொட்டுப் பார்ப்பது உச்சியைத்தான். உச்சிக்குழி பள்ளம் விழுந்திருந்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். பிள்ளை அழும், கண்ணில் நீர் வராது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு சட்டென்று படியாது. காலையில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை இருட்டுவதற்குள் இந்த நிலைக்கு வந்துவிடும்.

இப்படிப்பட்ட கடும் பேதிக்குப் பெரிய காரணம் ரோட்டா வைரஸ். 1973-இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பின் குழு இதைக் கண்டுபிடித்தது. கை கழுவுவதும் தண்ணீரைக் காய்ச்சுவதும் மட்டுமே இதைத் தடுத்துவிடாது. பணக்கார நாடுகளிலும் ஐந்து வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் இது தொட்டுவிடுகிறது. தடுப்பு மருந்து தேவைப்பட்டது அதனால்தான்.

மெக்சிகோவில் நடந்த ஆய்வு நம்பிக்கை தந்தது. இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைகளுக்கு அதன்பின் கடும் பேதி வரவில்லை. நம் குழந்தைகளுக்கும் அப்படித்தானா? 2002-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி இதைப் பார்க்க இறங்கியது. கஸ்பா, சின்ன அல்லாபுரம் போன்ற, பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த நெருக்கமான தெருக்களில் 452 குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, பிள்ளைக்கு எத்தனை தடவை போச்சு, தண்ணியாகவா என்று கேட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பேதி இல்லாவிட்டாலும், மல மாதிரி எடுத்துப் போனார்கள். மூன்று வருஷம் இப்படி! 373 குழந்தைகளின் வீடுகள் கடைசிவரை கூடவே நின்றன. கூலி வேலைக்கு நடுவே அந்தத் தாய்மார் காட்டிய பொறுமையை நான் விஞ்ஞானத்தின் ஒரு பகுதியாகவே மதிக்கிறேன்.

சி.எம்.சி. ஆய்வாளர் ககன்தீப் காங்கின் குழுவினர் 2011-இல் வெளியிட்ட முடிவு கசப்பானது. மூன்று முறை தொற்று வந்த பிறகும் இங்கே பாதுகாப்பு 79 சதவீதம்தான். நம் பிள்ளைகளை இந்தக் கிருமி சீக்கிரமே பிடிக்கிறது, திரும்பத் திரும்பவும் வருகிறது. அப்படியானால் தடுப்பு மருந்தும் வெளிநாட்டில் கொடுத்த அளவுக்குப் பலன் தராது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இன்னொரு பக்கம், டெல்லி எய்ம்ஸில் எம்.கே. பானும் சக ஆய்வாளர்களும் 1980-களிலேயே ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார்கள். பச்சிளங்குழந்தைகளின் வார்டில் ரோட்டா பரவியிருந்தது, ஆனால் எந்தக் குழந்தையும் நோயில் விழவில்லை. அங்கே கிடைத்த 116இ என்ற சாதுவான வகையிலிருந்துதான் பாரத் பயோடெக் நிறுவனத்தின் ரோட்டாவாக் தடுப்பு மருந்து பிறந்தது. டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தபோது, முதல் வயதில் கடும் ரோட்டா பேதியை அது 56 சதவீதம் தடுத்தது.

பாதிதானா என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அது சிறிய எண்ணாகத் தெரியவில்லை. குளுக்கோஸ் ஏற்றி நள்ளிரவில் காத்திருக்க வேண்டிய குடும்பங்களில் பாதிக்கு மேல் வீட்டிலேயே நிம்மதியாகத் தூங்கும் என்று அதற்குப் பொருள்.

2016-இல் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா மருந்து சேர்ந்தது. 6, 10, 14-ஆம் வாரங்களில் வாய்வழியாகக் கொடுக்கிறார்கள். ரோட்டாவாக் என்றால் ஒவ்வொரு தடவையும் ஐந்தே சொட்டு. வேலூர்த் தெருக்களில் மாதிரி கொடுத்த அந்தப் பிள்ளைகள் இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் கைக்குழந்தையாக இருந்தபோது இந்தச் சொட்டு கிடையாது.